பால் கேனிலிருந்து வந்த ஏடு: ‘எஷ் கோடெஷ்’ பிறந்த கதை

இந்தப் புத்தகத்துக்கு அதை எழுதியவர் வைத்த பெயர் வேறு. ‘சீற்றத்தின் ஆண்டுகளில்’ தாம் சொன்ன தோரா (யூத வேதம்) விளக்கங்கள் என்றுதான் அவர் அதைக் குறித்து வைத்திருந்தார். ‘எஷ் கோடெஷ்’ என்பது 1960இல் இஸ்ரேலில் அச்சுக்குப் போனபோது அவருடைய வழிவந்த அடியார்கள் சூட்டிய பெயர். எபிரேயத்தில் அதற்குப் புனித நெருப்பு என்று பொருள். அப்போது எழுதியவர் உயிரோடு இல்லை. அவர் கல்லறை இது என்று காட்ட ஓர் இடமும் இல்லை.

எழுதியவர் ரப்பி, அதாவது யூத மதகுரு, காலோனிமஸ் கால்மன் ஷபீரா. எழுதிய இடம் வார்சா. காலம் 1939 செப்டம்பர் முதல் 1942 ஜூலை வரை.

நாஜிகளிடம் சிக்கிய யூதர்கள் எழுதிய நாட்குறிப்புகள் பல நமக்குக் கிடைத்திருக்கின்றன. ரொட்டி என்ன விலை விற்றது, எந்தத் தெருவில் யாரைப் பிடித்துப் போனார்கள், எந்த வீட்டில் டைஃபஸ் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். ஷபீராவின் ஏட்டில் அப்படியான விவரம் அநேகமாகக் கிடையாது. ஓர் உரைக்கு மேலே அந்த வாரம் வாசிக்கப்பட்ட வேதப் பகுதியின் பெயரும் எபிரேய ஆண்டும் இருக்கும். தேதி என்று எடுத்துக்கொள்ள அவ்வளவுதான். ஆனாலும் இது ஒரு நாட்குறிப்புதான். வாரத்துக்கு வாரம் ஒரு மனிதரின் நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பது இதில் பதிவாகியிருக்கிறது.

ஷபீரா 1889இல் போலந்தின் கிரோஜிஸ்க் ஊரில், தலைமுறை தலைமுறையாக ஹசிதிய குருமார்கள் வந்த குடும்பத்தில் பிறந்தவர். ஹசிதியம் யூதர்களின் பக்தி மார்க்கம். அங்கே குருவை ‘ரெபே’ என்பார்கள். வார்சாவுக்குப் பக்கத்தில் உள்ள பியாசெச்னோவின் ரெபே ஆன இவர், 1923இல் வார்சாவில் ‘தாஅத் மோஷே’ என்ற வேதப் பள்ளியைத் தொடங்கினார். 1932இல் ‘மாணவரின் கடமை’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் நூல் அல்ல அது. பிள்ளையையே எதிரே உட்காரவைத்து, பெரிய மனிதரோடு பேசுவதுபோல மரியாதையாகப் பேசும் நூல். அவர் உயிரோடு இருந்தபோது அச்சான ஒரே பெரிய நூலும் அதுதான்.

அச்சில் வராத ஓர் ஏடும் அவரிடம் இருந்தது. போருக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எழுதிவந்த சொந்தக் குறிப்பேடு. மனதில் தோன்றுவதை எழுதி வைப்பது நல்லது, ஆசிரியர் என்று பேர் வாங்குவதற்காக இல்லை, தன் உயிரைத் தாளில் செதுக்கி வைப்பதற்காக என்பது அதில் அவர் சொல்லியிருக்கும் கருத்து. நாற்பது வயதானபோது எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. இந்த வயதில் புதிதாக என்ன விரதம் எடுக்கலாம் என்று யோசிக்கிறார். இன்னும் அதிகமாகப் படிப்பதா? ஆசைகளை இன்னும் அடக்குவதா? ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் புதிதாக மதம் மாறி வருகிறவரைப்போல யூதனாவது என்று முடிவெடுக்கிறார். பிறவி யூதர், அதிலும் குரு, நாற்பதாவது வயதில் எடுத்த முடிவு இது. கிடைத்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. தினமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டிய சொத்தாகவே அதை நினைத்தார். பின்னால் வந்த ஏட்டைப் புரிந்துகொள்ள இந்தக் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. யூதப் புத்தாண்டு செப்டம்பர் 14இல் வந்தது. ஏட்டின் முதல் உரை அந்தப் புத்தாண்டுக்கானது. அதன்பின் சில வாரங்கள் இடைவெளி.

அந்த இடைவெளியில் நடந்தது இது. செப்டம்பர் கடைசி வாரத்தில் வார்சா மீது குண்டுமழை பொழிந்தது. ரெபேயின் ஒரே மகன் எலிமெலெக் படுகாயமடைந்தார். மருத்துவமனை வாசலில் காத்து நின்ற மருமகளும் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் அங்கேயே குண்டுக்குப் பலியானார்கள். மாதம் முடிவதற்குள் மகனும் இறந்தார். அக்டோபரில் ரெபேயின் தாய் போய்ச் சேர்ந்தார். மனைவி இறந்து அப்போதுதான் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நவம்பர் 4ஆம் தேதி ஓய்வுநாளில் அவர் மறுபடி வாய் திறந்தார். அந்த வாரம் வாசிக்க வேண்டிய பகுதி சாராளின் மரணத்தில் தொடங்குவது. ஆதியாகமத்தில் அதற்கு முந்தைய அத்தியாயம் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கொண்டுபோன கதை. கத்தி இறங்கும் முன் தேவதூதன் தடுத்துவிடுகிறான், பிள்ளை பிழைக்கிறான். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் தாய் இறந்துபோகிறாள். ஏன் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன? மகன் பலிக்குப் போன செய்தி கேட்டே சாராளின் உயிர் போயிற்று என்பது பழைய உரை.

ஷபீரா அங்கிருந்து ஓர் அடி முன்னே வைத்தார். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது, வேதத்தைத் தந்த மோசே நமக்காகச் செய்த வாதம் என்றார். மனிதன் தாங்கும் துன்பத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டிப்போனால் பிழைத்தவனுக்கும் உள்ளே ஏதோ ஒடிந்துவிடும், அது திரும்ப வராது. சாராளே அப்படித்தான் இறந்தாள், இவ்வளவை என் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று கடவுளுக்குக் காட்டுவதற்காக.

மகனைப் புதைத்து ஐந்து வாரம் ஆன தகப்பன் சொன்னது இது. அந்த உரையில் தன் மகனைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும்.

உரைகள் எழுத்தான விதம் தனிக்கதை. ஹசிதியர்களுக்கு ஓய்வுநாளில் மூன்று வேளை உணவு விதி. மூன்றாவது வேளை சனிக்கிழமை அந்தி நேரத்தில். விளக்கு ஏற்றாத இருட்டில், பாட்டுக்கு நடுவே ரெபே பேசுவார். பேச்சு மொழி யித்திஷ், வீட்டிலும் சந்தையிலும் புழங்கும் மொழி. ஓய்வுநாளில் எழுதக் கூடாது, நெருப்பும் மூட்டக் கூடாது. ஆகவே பொழுது சாய்ந்து நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் பேனாவைத் தொட முடியும். பேசியதை நினைவிலிருந்து எடுத்து எபிரேயத்தில் எழுதுவார். எழுதியதைப் பின்னால் எடுத்துப் பார்த்துத் திருத்துவார். வரிகளுக்கு இடையில் சொற்கள், ஓரத்தில் சேர்க்கைகள், அடித்து எழுதிய இடங்கள் என்று தாள் நிறைந்து போகும்.

இதெல்லாம் நடந்தது டியெல்னா தெரு 5ஆம் எண் வீட்டில். அதே வீட்டில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சமையலறையும் நடந்தது. 1940 நவம்பரில், யூதர்களை அடைத்துவைக்க ஜெர்மானியர் ஒதுக்கிய கெட்டோவின் சுவர் மூடியபோது அந்த வீடு சுவருக்கு உள்ளே இருந்தது. மூன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். 1942 கோடைக்குள் ஏறக்குறைய 80,000 பேர் பசியிலும் நோயிலும் மட்டுமே செத்தார்கள். கூடித் தொழுவதற்கும் சடங்குக் குளியலுக்கும் தடைகள் வந்தன. வைகறையில் ஒளிந்து போய்க் குளித்துத் திரும்பினார்கள். உரை கேட்க வந்தவர்கள் இந்தச் சுவருக்குள்ளிருந்து வந்தவர்கள்.

ஏட்டைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் பேச்சு மாறிக்கொண்டே போவது தெரியும். ஆரம்பத்தில் மரபான பதில்தான். துன்பம் என்பது கண்டிப்பு, அதில் ஒரு நோக்கம் இருக்கும், திரும்பி வா என்று அழைப்பது. போகப்போக அந்தப் பதில் அவருக்கே போதவில்லை. தம் மக்கள் மரத்துப் போகிறார்கள் என்பதை அவர் மறைக்காமல் சொல்கிறார். பண்டிகை வந்தால் மகிழ முடியவில்லை, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஏறவில்லை என்கிறார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நம்பிக்கை குறைந்தவர்களே என்று அவர் திட்டவில்லை. நொறுங்கிப் போனவன் செய்யும் அரைகுறை ஜெபமும் ஜெபம்தானா என்பதுதான் அவரை அரித்த கேள்வி. தம்மைப் பற்றியும் அதே கேள்வி அவருக்கு இருந்தது.

1942 தொடக்கத்தில் அவர் வேறொரு இடத்துக்கு வந்து சேர்ந்தார். யூத ஞானிகளின் பழைய நூலான தல்மூதில் ஒரு குறிப்பு உண்டு. கடவுளுக்கு ஓர் உள்ளறை இருக்கிறதாம், அங்கே அவர் யாருக்கும் தெரியாமல் அழுகிறாராம். ஷபீரா இதைப் பற்றிக்கொண்டார். கடவுள் ஏன் மறைந்து அழ வேண்டும்? அவர் துயரத்துக்கு அளவில்லை. அதில் ஒரு பொறி வெளியே தெறித்தாலும் உலகம் எரிந்து போகும். அதனால்தான் உலகம் எதுவும் நடக்காததுபோல நிற்கிறது, அதனால்தான் நமக்கு அவர் இல்லாததுபோலத் தோன்றுகிறது. ஆனால் அந்த அறைக்குக் கதவு உண்டு. மனிதன் தோராவை ஓதி உள்ளே நுழைந்து கடவுளோடு சேர்ந்து அழலாம். தனியே அழுகிற அழுகை ஆளை உடைத்துவிடும், விழுந்து எழமுடியாமல் போகும். அவரோடு சேர்ந்து அழுதால் எழுந்து நிற்கும் வலு வரும்.

இதில் ஆறுதல் இருக்கிறது, ஆனால் பழைய ஆறுதல் இல்லை. ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு இங்கே விடையே கிடையாது. கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. இழவு வீட்டில் காரணம் சொல்லுகிறவர்களும் உண்டு, பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களும் உண்டு. ஷபீராவின் கடவுள் இரண்டாம் வகைக்கு வந்துவிட்டார்.

கடைசி உரை 1942 ஜூலை 18. எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசம் இருக்கும் நாளுக்கு முந்தைய ஓய்வுநாள் அது. ஏசாயா கண்ட தரிசனம் வாசிக்கப்படும் என்பதால் அதற்குத் ‘தரிசனம்’ என்றே பெயர். ஷபீரா அந்தப் பெயரையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஆலயம் இடிந்தபோது முன்னோர் பட்ட துயரத்தைப் படித்தோம், புரிந்ததாக நினைத்தோம், அழவும் செய்தோம். கேட்பதற்கும் கண்ணால் காண்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது இப்போதுதான் தெரிகிறது என்ற பொருளில் பேசினார்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, உபவாசம் தொடங்கும் மாலைக்கு முன்பே, கெட்டோவைக் காலி செய்யும் வேலை ஆரம்பித்தது. செப்டம்பர் 21 வரை நடந்தது. ஏறக்குறைய 2,65,000 பேரை ரயிலேற்றித் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஷபீராவின் மகளும் அவர்களில் ஒருவர். ஷபீரா ஜெர்மானியருக்கு வேலை செய்த ஒரு பட்டறையின் செருப்புத் தைக்கும் பிரிவில் வேறு ரப்பிகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டதால் தப்பினார். உரை கேட்க ஆளில்லை. உரைகள் நின்றன. எழுத்து மட்டும் நிற்கவில்லை. பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினார்.

அப்படித் திருத்தும்போதுதான் 1941 டிசம்பரில், ஹனுக்கா பண்டிகையின்போது பேசிய உரை கண்ணில் பட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட துன்பம் இதுவரை வந்ததே இல்லை என்று புலம்பியவர்களுக்கு அந்த உரையில் அவர் பதில் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்வது தவறு, ஆலயம் இடிந்தபோதும் ரோமரிடம் பேத்தார் கோட்டை விழுந்தபோதும் இதே துன்பம்தான், முன்னோர் தாங்கினார்கள், நாமும் தாங்குவோம் என்பது அந்தப் பதில். நல்ல குரு சொல்லவேண்டிய பதில்தான்.

ஓராண்டு கழித்து, 1942 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்கும் முன் அந்த உரைக்கு அவர் ஒரு குறிப்பு சேர்த்தார். நான் சொன்னது 1942இன் நடுப்பகுதி வரைக்கும்தான் பொருந்தும். அதற்குப் பிறகு கொலைகாரர்கள் எங்கள்மேல் கண்டுபிடித்து ஏவிய கொடுமைகளுக்கும் சாவுகளுக்கும், நான் அறிந்த மட்டில், நம் ஞானிகளின் சொல்லிலும் நம் வரலாற்றிலும் ஈடு கிடையாது. இதுதான் குறிப்பின் சாரம்.

அவர் மனம் நின்றது வேதத்தின் மேல். இன்று நடப்பதெல்லாம் பழைய ஏடுகளில் என்றோ எழுதப்பட்டிருக்கிறது, முன்னோர் வாழ்வில் நமக்கு வழி இருக்கிறது என்பதுதான் அந்த நம்பிக்கையின் அடித்தளம். அந்த அடித்தளத்தில் இது இல்லை என்று எழுதுவது அவருக்கு எவ்வளவு பெரிய செலவு என்று யோசித்துப் பார்க்கலாம். எழுதாமலே இருந்திருக்கலாம். பழைய உரையைச் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

கெட்டோவுக்குள் அப்போது இன்னொரு வேலையும் ரகசியமாக நடந்துகொண்டிருந்தது. எமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் 1940 நவம்பரிலிருந்து ஒரு குழுவை நடத்திவந்தார். சனிக்கிழமை கூடியதால் அதற்கு ‘ஓனெக் ஷபாத்’, அதாவது ஓய்வுநாளின் இன்பம் என்று மறைபெயர். ஆணை, சுவரொட்டி, கடிதம், பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்க் காகிதம், டிராம் டிக்கெட் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். ரிங்கல்பிளம் இடதுசாரி, மத நம்பிக்கையால் நடந்தவர் அல்ல. குழுவில் சமய வாழ்க்கையைப் பதிவு செய்த ரப்பி ஷிமோன் ஹூபர்பாண்ட் ஷபீராவுக்கு நெருக்கமானவர். போரின் முதல் நாட்களிலேயே மனைவியையும் பிள்ளையையும் குண்டுவீச்சில் இழந்தவர். அவரும் 1942 ஆகஸ்டில் திரெப்ளிங்காவுக்குப் போனார்.

1943 ஜனவரித் தொடக்கத்தில் ஷபீரா தம் ஏடுகளைக் கட்டி மேலே ஒரு கடிதம் வைத்தார். கண்டெடுப்பவர் இதைப் பாலஸ்தீனத்தில், டெல் அவீவில் இருக்கும் என் தம்பி ரப்பி யெஷாயா ஷபீராவுக்கு அனுப்புங்கள், போர் முடிந்து நான் பிழைத்திருந்தால் எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று அதில் கேட்டிருந்தார். உரைகளோடு சொந்தக் குறிப்பேடும், அச்சேறாத வேறு நூல்களும் அந்தக் கட்டில் இருந்தன. அது ரிங்கல்பிளம் குழுவிடம் வந்து சேர்ந்தது. இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியர், 1943 பிப்ரவரியில், நோவோலிப்கி தெரு 68ஆம் எண்ணில் இருந்த பள்ளிக் கட்டடத்தின் அடியில் அதைப் புதைத்தார். புதைத்த பாத்திரம் பால்காரர்கள் பால் கொண்டுவரும் உலோகக் கேன். இரண்டு கேன்கள்.

ஏப்ரலில் கெட்டோ யூதர்களின் எழுச்சி. அதன்பின் ஜெர்மானியர் கெட்டோவை வீடு வீடாக எரித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஷபீராவை லூப்ளின் பக்கத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. ரிங்கல்பிளம் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். குழுவில் இருந்த சுமார் அறுபது பேரில் போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர்.

அவர்களில் ஒருவர் இடத்தை நினைவிலிருந்து சொல்ல, 1946 செப்டம்பரில் இடிபாட்டைத் தோண்டி, பால் கேன்களுக்கு முன்பே குழு புதைத்திருந்த முதல் புதையலை எடுத்தார்கள். தகரப் பெட்டிகளில் தண்ணீர் புகுந்து தாள்கள் பாழாகியிருந்தன. பால் கேன்கள் அப்போது அகப்படவில்லை. 1950 டிசம்பர் 1 அன்று, புதுக் குடியிருப்புக் கட்ட அங்கே அஸ்திவாரம் தோண்டிய தொழிலாளிகளின் கையில் அவை தற்செயலாகச் சிக்கின. கேனுக்குள் தாள் நன்றாகவே இருந்தது. வேறொரு தெருவில் மூன்றாவதாகப் புதைத்தது இன்றுவரை கிடைக்கவில்லை.

மேலே இருந்த கடிதத்தின் முகவரிக்காரர் தம்பி யெஷாயா அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1945இல், காலமாகியிருந்தார். எழுதியவரும் இல்லை, பெற வேண்டியவரும் இல்லை. ஏடு வார்சாவில் யூத வரலாற்று நிறுவனத்தில் தங்கியது. நகல் இஸ்ரேலுக்குப் போய், 1960இல் ‘எஷ் கோடெஷ்’ ஆயிற்று.

அச்சுப் புத்தகம் சீரான வரிகளில் ஓடும். அடித்தல் திருத்தல் கண்ணில் படாது. 2017இல் டானியல் ரெய்சர் என்ற ஆய்வாளர் மூலச் சுவடியை வைத்து இரண்டு தொகுதிகளாகப் புதுப் பதிப்பு கொண்டுவந்தார். அதில் கையெழுத்துப் பக்கத்தின் படமும், எது முதலில் எழுதியது, எது பின்னால் சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் அச்சும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால்தான் இது ஒரே மூச்சில் எழுந்த கோவில் கோபுரம் இல்லை, திரும்பத் திரும்பக் கொத்திப் பூசிய சுவர் என்று தெரிகிறது. யூதனாவது என்று நாற்பதில் விரதம் எடுத்தவர், ஐம்பத்து மூன்றில் பட்டறை வேலைக்கு நடுவே, படிக்க ஆளில்லாத தாள்களில் அதே விரதத்தைத் தொடர்ந்திருக்கிறார்.

ஹனுக்கா உரையும் அங்கே இருக்கிறது. இது முன்பும் வந்த துன்பம்தான் என்று 1941இல் எழுதிய வரியை அவர் நீக்கவில்லை. நவம்பர் 27இன் குறிப்பும் கூடவே இருக்கிறது. பழைய ஏடுகளில் இதற்கு ஈடில்லை என்று சொல்லி முடித்த கையோடு, அதே குறிப்பில், கண்ணிமைக்கும் நேரத்தில் எங்களைக் காப்பாற்று என்று கடவுளைக் கேட்கிறார். பிறகு தேதி. பிறகு, பெயர் போடாமல், ‘ஆசிரியர்’ என்று ஒரு கையொப்பம்.